வராது, வரேல்லை: 53 வயதில் சிங்களம் கற்ற ஒருவரின் நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வருபவருக்கு என் வகுப்பில் சேர்ந்தபோது வயது 53. பருத்தித்துறைப் பக்கம் பிறந்தவர். 1996இல் கொழும்புக்கு வந்து, அன்றிலிருந்து வெள்ளவத்தையில் இருக்கிறார். நேரில் அழைப்பதுபோலவே இங்கேயும் அவரை அன்ரி என்று எழுதுகிறேன். எழுதி முடித்ததும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு இடங்களைத் திருத்தச் சொன்னார், திருத்திவிட்டேன்.

தமிழ் பேசும் பெரியவர்களுக்கு நான் ஒன்பது வருடமாகப் பேச்சுச் சிங்களம் படிப்பிக்கிறேன். பெரும்பாலும் வேலைக்காகத்தான் வருவார்கள். புதிதாகச் சேர்ந்த இடத்தில் வாடிக்கையாளரோடு கதைக்க முடியாமல் தடுமாறும் பிள்ளைகள் வருவார்கள். அரசுச் சுற்றறிக்கையின்படி இரண்டாவது அரசகரும மொழியில் தேர்ச்சி காட்ட வேண்டிய அரச உத்தியோகத்தர்கள் வருவார்கள். அன்ரி வந்தது ஒரு குளிசையால்.

2023 தொடக்கத்தில் அவருடைய ஒரே மகள் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அதுவரை வீட்டில் சிங்களம் தேவைப்பட்ட எல்லாவற்றையும் மகளே பார்த்துக்கொண்டார். கணவர் ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியர். சீனி வருத்தமும் பிரஷரும் உண்டு, காதும் மந்தம். அரச ஆஸ்பத்திரி ஒன்றில் மாதா மாதம் கிளினிக். மகள் போன பிறகு வந்த இரண்டாவது கிளினிக்கில், வைத்தியர் கொப்பியில் எழுதிக்கொண்டே ஏதோ சொல்லியிருக்கிறார். அன்ரி "ஹரி டொக்டர், ஹரி ஹரி", அதாவது சரி சரி, என்று தலையாட்டியிருக்கிறார். ஒரு குளிசையை நிறுத்திவிட்டு அதற்குப் பதிலாக இன்னொன்றைத் தொடங்கச் சொன்னது அவருக்கு விளங்கவில்லை. பழைய குளிசை வீட்டில் மிச்சம் இருந்தது. நான்கு நாள் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தார். ஐந்தாம் நாள் காலையில் கணவருக்கு வேர்த்து ஊற்றி, கை நடுங்கி, வார்த்தை குழறத் தொடங்கியது. பக்கத்து ஃபிளாட்டில் ஒரு தாதி இருந்தார். அவர் ஓடிவந்து சீனி கரைத்த தண்ணீரைக் குடிக்க வைத்து, ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மனிதர் தப்பிவிட்டார்.

அந்தக் கிழமையே அன்ரி என்னிடம் வந்தார். கதிரையில் இருக்குமுன்பே சொன்ன முதல் வசனத்தைக் குறித்து வைத்திருக்கிறேன்.

"டீச்சர், முதலே சொல்லிப்போட்டன். எனக்கு உது வராது. எங்கட குடும்பத்துக்கே சிங்களம் ஏறாது. எண்டாலும் மூண்டு மாசத்தில டொக்டரோட பிழையில்லாமல் கதைக்க வேணும்."

இந்த ஆய்வு முழுவதும் இந்தப் பேச்சைப் பற்றியதுதான். முதல் பாதி "என்னால் முடியவே முடியாது" என்கிறது. இரண்டாம் பாதி "மூன்று மாதத்தில் பிழையே இல்லாமல் முடிக்க வேண்டும்" என்கிறது. ஒன்றுக்கொன்று எதிரானவை என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். அவை ஒன்றையொன்று தாங்கி நிற்பவை என்று விளங்க எனக்கு நான்கு மாதம் பிடித்தது. எட்டாத உயரத்தில் எதிர்பார்ப்பைக் கட்டி வைத்தால் முதல் பிழையிலேயே "பார்த்தீங்களா, வராது எண்டு சொன்னன்தானே" என்று நிரூபித்துவிடலாம்.

27 வருடம் எப்படிப் போனது

கொழும்பில் 27 வருடம் இருந்தும் சிங்களம் தெரியாதா என்று கேட்பவர்கள் உண்டு. வெள்ளவத்தையைத் தெரிந்தவர்கள் கேட்க மாட்டார்கள். காலி வீதியில் புடவைக்கடையிலிருந்து மரக்கறிக்கடை வரை தமிழ்தான். கோயில், ரியூஷன், பல் வைத்தியர், தையல்காரர் எல்லாம் தமிழ். மீன்காரர்கூடத் தமிழில்தான் விலை சொல்வார். மொழி தெரியாதது ஒரு குறையாகவே தெரியாமல் வாழ்ந்துவிடலாம்.

அதற்குக் கீழே இன்னொன்றும் இருக்கிறது. அவர் வந்த காலம் சோதனைச் சாவடிகளின் காலம். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாண மாவட்டம். அரைகுறைச் சிங்களத்தில் ஒரு வார்த்தை பேசினாலும் எந்த ஊர்க்காரி என்று காட்டிக்கொடுத்துவிடும் என்ற பயத்தில், வெளியில் போனால் வாய் திறக்காமல் இருக்கப் பழகிக்கொண்டார். இதைச் சோம்பல் என்றோ அக்கறையின்மை என்றோ யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அது அந்தக் காலத்தில் அவரைக் காப்பாற்றிய பழக்கம். காலம் மாறிய பின்னும் பழக்கம் வாயை விட்டுப் போகவில்லை, அவ்வளவுதான்.

என் பிழை

முதல் மூன்று கிழமையில் அன்ரி நாற்பது சொற்களுக்கு மேல் மனப்பாடம் செய்துவிட்டார். நான் உள்ளபடியே மகிழ்ந்துபோனேன். "அன்ரி, உங்களுக்கு மொழி மூளை இருக்கு. வராது எண்டு சும்மா சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறீங்கள்" என்று சொன்னேன். ஊக்கப்படுத்துகிறேன் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த கிழமையிலிருந்து ஒரு மாற்றம் தெரிந்தது. புதிய பாடத்துக்குப் போவோமா என்றால், பழையதை இன்னொருமுறை பார்ப்போம் என்பார். தெரிந்த சொற்களை மிக அழகாகச் சொல்வார், தெரியாத இடம் வந்தால் தண்ணீர் குடிக்க எழும்புவார். கடையில் சிங்களத்தில் கேட்டீர்களா என்று கேட்டபோது, கேட்டேன் என்றார். கேட்கவே இல்லை என்று இரண்டு மாதம் கழித்து அவரே சொன்னார்.

அமெரிக்க உளவியலாளர் கரோல் டுவெக், கிளோடியா மியுல்லரோடு சேர்ந்து 1998இல் வெளியிட்ட ஆய்வுகள் இதைத்தான் சொல்கின்றன. முதல் ஆய்வில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 128 பேர். எல்லாருக்கும் ஒரே புதிர்கள். செய்து முடித்ததும் சிலரை "நீ கெட்டிக்காரப் பிள்ளை" என்று பாராட்டினார்கள், சிலரை "நல்லாய் முயற்சி செய்திருக்கிறாய்" என்று பாராட்டினார்கள். கெட்டிக்காரர் என்ற பெயர் வாங்கிய பிள்ளைகள், அதன்பிறகு அந்தப் பெயரைக் காப்பாற்றக்கூடிய வேலையையே கூடுதலாக விரும்பினார்கள். கடினமான புதிரில் தோற்ற பிறகு அவர்களுடைய செய்கை முதலில் இருந்ததைவிடக் குறைந்தது. முயற்சிக்குப் பாராட்டு வாங்கியவர்களுடையது கூடியது. அதே தொடரில், தாம் எடுத்த புள்ளியை வேறு பிள்ளைகளுக்கு எழுதச் சொன்னபோது கூட்டி எழுதியவர்களும் கெட்டிக்காரர் என்று சொல்லப்பட்ட பிள்ளைகளிலேயே அதிகம்.

"மொழி மூளை" என்ற பெயரைக் கொடுத்து, அதைக் காப்பாற்றும் பாரத்தையும் நான் அன்ரியின் தலையில் வைத்துவிட்டேன். இருக்கிற மூளை ஒருநாள் இல்லாமலும் போகும் அல்லவா? "எனக்கு வராது" என்பதும் "எனக்கு மொழி மூளை இருக்கு" என்பதும் ஒரே நம்பிக்கைதான். திறமை என்பது பிறவியில் அளந்து கொடுத்த ஒன்று என்று இரண்டும் சொல்கின்றன. டுவெக் இதை நிலைத்த மனப்பாங்கு என்கிறார். திறமை பழக்கத்தாலும் நல்ல வழிமுறையாலும் பிறர் உதவியாலும் வளரும் என்று எண்ணுவது வளர்ச்சி மனப்பாங்கு.

இதை அன்ரிக்கு விளக்க நான் எந்தக் கலைச்சொல்லையும் தேடவில்லை. தமிழிலேயே அது இருக்கிறது. "வராது" என்றால் இன்றைக்கும் வராது, நாளைக்கும் வராது, அதன் இயல்பே வராதது. "வரவில்லை" என்றால் இதுவரை வரவில்லை, அவ்வளவுதான். யாழ்ப்பாணப் பேச்சில் "வரேல்லை". பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் ஒருவர் "பஸ் வரேல்லை" என்பதற்கும் "பஸ் வராது" என்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்! முதலாமவர் நிற்பார், இரண்டாமவர் வீட்டுக்குப் போய்விடுவார். அன்ரி சிரித்தார். ஆனால் அடுத்த வகுப்புக்கு வரும்போது கொப்பியில் கோடு போட்டு இரண்டு நிரல் பிரித்துக்கொண்டு வந்தார். ஒன்றில் "வந்தது", மற்றதில் "வரேல்லை". மூன்றாவது நிரல் ஏன் இல்லை என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சோதனைக்குப் போகாத அப்பா

"எங்கட குடும்பத்துக்கே ஏறாது" என்ற பேச்சுக்கு ஒரு வரலாறு இருந்தது. அன்ரியின் தகப்பனார் கொழும்பில் அரசாங்க எழுதுவினைஞராக இருந்தவர். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. 1961 முதல் நிர்வாகம் சிங்களத்துக்கு மாறியது. தமிழ் உத்தியோகத்தர்கள் சிங்களத் தேர்ச்சிச் சோதனையில் சித்தியடையாவிட்டால் சம்பள உயர்வு இல்லை என்றானது. அப்படி 1962இல் சம்பள உயர்வு மறுக்கப்பட்ட எழுதுவினைஞர் செல்லையா கோடீஸ்வரன் நீதிமன்றம் போனார். மாவட்ட நீதிமன்றம் 1964இல் அவர் பக்கம் தீர்ப்பளித்தது, உயர் நீதிமன்றம் 1967இல் அதை மாற்றியது, வழக்கு 1969இல், அப்போது கடைசி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போனது. அன்ரியின் தகப்பனார் வழக்குப் போடவில்லை. 1963இல் வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பிவிட்டார்.

வீட்டில் இந்தக் கதை சொல்லப்பட்ட விதம் வேறு. "அப்பாவுக்குச் சிங்களம் ஏறேல்லை, அதால வேலை போச்சு" என்று தாயார் சொல்வாராம். ஊரில் அவ்வளவு படித்தவருக்கே ஏறாத மொழி எனக்கு எங்கே ஏறப்போகிறது என்று அன்ரி சின்ன வயதிலேயே முடிவு செய்துவிட்டார்.

வகுப்பு தொடங்கி நான்காம் மாதம், ரொறொன்ரோவில் இருக்கும் தமையனோடு தொலைபேசியில் கதைக்கும்போது, தான் சிங்களம் படிக்கும் விஷயத்தைத் தயங்கித் தயங்கிச் சொல்லியிருக்கிறார். "எங்களுக்கு ஏறாதெண்டு தெரியும், எண்டாலும் பாப்பம்" என்று சேர்த்தும் சொல்லியிருக்கிறார். தமையன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாராம்: "ஆர் சொன்னது ஏறாதெண்டு? அப்பா சோதினைக்குப் போகவே இல்லை. எழுத மாட்டன் எண்டு நிண்டவர். கடைசிக் காலத்தில எனக்குச் சொன்னவர்."

அடுத்த நாள் வகுப்பில் அன்ரி இதைச் சொன்னபோது அழுதார். தகப்பனாரை நாற்பது வருடம் தோற்றுப்போனவராக நினைத்துக்கொண்டிருந்தேனே என்ற அழுகை அது. அவர் மறுத்தது திறமை இல்லாமல் அல்ல. தன் மொழிக்கு இடம் இல்லாத இடத்தில் குனிந்து நிற்க மாட்டேன் என்ற மானத்தால் மறுத்தார். அந்த முடிவை நான் மதிக்கிறேன், அன்ரியும் மதிக்கிறார். ஆனால் ஒருவருடைய மறுப்பு, சொல்லிச் சொல்லி, மூன்று பேர் வாய் மாறி, ஒரு குடும்பத்தின் இயலாமையாக மாறியிருந்தது. அதைத் தமையனின் ஒரு வசனம்தான் அவிழ்த்தது. நான் படிப்பித்த எதுவும் அவ்வளவு வேலை செய்யவில்லை என்பதை இங்கே பதிய வேண்டும். வளர்ச்சி மனப்பாங்கு பற்றிப் பேசுபவர்கள், ஒருவருடைய "வராது" எங்கிருந்து வந்தது என்று கேட்பதே இல்லை. கேட்க வேண்டும்.

எதிர்பார்ப்பை வெட்டியது

இனி அந்த "மூன்று மாதத்தில் பிழையில்லாமல்". கடைகளில் தொங்கும் முப்பது நாள் புத்தகங்கள் கொடுத்த கணக்கு இது. நான் வேறொரு கணக்கை மேசையில் வைத்தேன். அமெரிக்க இராஜதந்திரிகளுக்கு மொழி படிப்பிக்கும் நிறுவனம் சிங்களத்துக்கு 44 கிழமை, ஏறத்தாழ 1,100 வகுப்பு மணி ஒதுக்குகிறது. தமிழுக்கும் அதே அளவுதான். நாங்கள் கிழமைக்கு மூன்று மணி நேரம் படித்தோம். அந்த வேகத்தில் 1,100 மணி என்றால் ஏழு வருடம்.

அன்ரியின் முகம் வாடியது. வாடட்டும் என்றுதான் சொன்னேன். பொய்யான எதிர்பார்ப்பை வைத்துக்கொண்டு நம்பிக்கையை வளர்க்க முடியாது என்பது என் அனுபவம். அப்புறம் மற்றப் பக்கத்தையும் சொன்னேன். அந்த 1,100 மணி ஆங்கிலம் பேசுபவருக்கு. தமிழருக்கு வசன ஒழுங்கு இலவசமாகக் கிடைக்கிறது. எழுவாய் முதலில், வினை கடைசியில். "எனக்குப் புரியவில்லை" என்பதைச் சொல்லுக்குச் சொல் வைத்து "மட்ட தேரென்னே நே" என்றால் முடிந்தது. நாங்கள் "எனக்கு" என்னும் இடத்தில் அவர்களும் "மட்ட" என்கிறார்கள். பேச்சுச் சிங்களத்தில் வினைமுற்று ஆளுக்கு ஆள் மாறாது. போகிறேன், போகிறாய், போகிறார் எல்லாவற்றுக்கும் ஒரே "யனவா". கடே, சல்லி, முதலாலி, கூடய, இலக்கம என்று எங்கள் சொற்கள் அங்கே ஏற்கெனவே போய் இருக்கின்றன.

வயதைப் பற்றியும் மறைக்கவில்லை. ஏறத்தாழ 670,000 பேரின் இணையப் பதில்களை வைத்து 2018இல் வெளியான ஓர் ஆய்வு, புதிய மொழியின் இலக்கணத்தை உள்வாங்கும் திறன் 17 வயதுக்குப் பிறகு குறையத் தொடங்குகிறது என்று கண்டது. பெரியவர்கள் தொடக்கத்தில் பிள்ளைகளைவிட வேகமாகவே கற்பார்கள், ஆனால் உச்சரிப்பில் பிள்ளைகள் முந்திவிடுவார்கள். ஆகவே சிங்களப் பெண்மணிபோல் பேசுவது என்ற எதிர்பார்ப்பை அன்றைக்கே கைவிடச் சொன்னேன். எல்லாராலும் எல்லாம் முடியும் என்று சொல்வதை நான் வளர்ச்சி மனப்பாங்காக எடுத்துக்கொள்வதில்லை.

மிஞ்சியது என்ன? கிளினிக்கை விட்டு வெளியே வரும்போது அன்ரிக்கு மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: எதை நிறுத்துவது, எது புதியது, அடுத்த திகதி என்ன. பிழையோடு கேட்டாலும் பரவாயில்லை, மூன்றும் தெரிந்தால் அன்றைய நாள் வெற்றி. மூன்று மாதம் என்ற காலக்கெடுவை எடுத்துவிட்டோம். அதற்குப் பதில் ஒவ்வொரு கிளினிக்குக்கும் மூன்றில் எத்தனை என்று ஒரு இலக்கம்.

இதற்கான வசனங்கள் சில மட்டுமே. குளிசையைக் கையில் எடுத்துக் காட்டி "மேக்க நவத்தன்னத?", இதை நிறுத்தவா? "ஹெமின் கியன்ன", மெதுவாகச் சொல்லுங்கள். "ஆயெத் கியன்ன", திரும்பச் சொல்லுங்கள். இந்தக் கடைசி இரண்டையும் அன்ரி சொல்லவே மாட்டேன் என்றார். அது தெரியாது என்று ஒப்புக்கொள்வதாகும் என்றார். இருபது முறைக்கு மேல் வகுப்பில் சொல்ல வைத்தேன். "ஹரி ஹரி" என்று தலையாட்டுவதை நிறுத்துவதுதான் இந்த 14 மாதத்திலும் மிகக் கடினமான பாடம்.

மஞ்சளும் மரமும்

பழகுவதற்கு வெள்ளவத்தை உதவவில்லை. பாமசியில் சிங்களத்தில் தொடங்கினால் "தமிழ்லயே சொல்லுங்க அன்ரி" என்று அன்பாகச் சொல்லிவிடுகிறார்கள். அதனால் மரக்கறி வாங்குவதைக் கிருலப்பனைச் சந்தைக்கு மாற்றினோம். முதல் இரண்டு முறை நானும் கூடப் போனேன், ஐந்தடி தள்ளி நின்றேன். "கீயத?" என்று விலை கேட்டுவிட்டு, பதிலுக்கு வரும் இலக்கம் விளங்காமல் 500 ரூபாத் தாளை நீட்டுவார். மிச்சக் காசை எண்ணித்தான் விலையைக் கண்டுபிடிப்பார். மூன்றாவது முறையிலிருந்து தனியே போனார். விற்பவர்கள் பொறுமையாக இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். வெங்காயம் விற்கும் அம்மா ஒருவர் ஒவ்வொரு இலக்கத்துக்கும் விரலை நீட்டிக் காட்டினாராம்.

உச்சரிப்பில் ஒரு நாள் நடந்தது இது. சிங்களத்தில் "கஹ" என்றால் மஞ்சள். அதே சொல்லைத் தொண்டை அதிரும் ககரத்தில் தொடங்கினால் மரம். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். அன்ரி கொப்பியில் தமிழ் எழுத்தில் எழுதி வைத்தே படித்தார், ஆகவே அவர் வாயில் எல்லா மரமும் மஞ்சள் ஆனது. ஓட்டோக்காரரிடம் "லொக்கு கஹ லங்க" என்று, பெரிய மரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொன்னார். ஓட்டோக்காரர் பெரிய மஞ்சளா என்று கேட்டுச் சிரித்துவிட்டு, சரியான ஒலியை இரண்டு முறை சொல்லிக் காட்டினார்.

ஆறு மாதம் முன்பு என்றால் அதோடு அன்ரி வகுப்புக்கு வந்திருக்க மாட்டார். இப்போது கதவைத் திறக்குமுன்பே "பிள்ளை, ஒரு புதுப் பிழை பிடிச்சுக்கொண்டு வந்திருக்கிறன்" என்றார். டீச்சர் என்பது பிள்ளை என்று மாறியதும் அன்றைக்குத்தான். "தங்கம்" என்ற சொல்லில் வரும் ககரத்தைத் தூக்கி முதலில் வையுங்கள் என்றேன். "ங்க, ங்க" என்று பத்து முறை சொல்லிப் பார்த்தார். பதினோராவது முறை மரம் மரமாகவே வந்தது.

அந்த வாரத்திலிருந்து தமிழ் எழுத்தில் குறிப்பு எழுதுவதைக் குறைத்து, சிங்கள எழுத்தில் வாரத்துக்கு மூன்று என்று தொடங்கினோம். காது கேட்காத வித்தியாசத்தைக் கண் பார்த்தால் வாய்க்குச் சுலபம்.

மூன்று கிழமை

எட்டாம் மாதக் கிளினிக்கில் வேறு ஒரு வைத்தியர். வேகமாகச் சொன்னார். அன்ரி, வாழ்க்கையில் முதல்முறையாக, "டொக்டர், ஹெமின் கியன்ன" என்றார். அவர் பேனையை வைத்துவிட்டு, அடுத்தமுறை சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு வா என்று, பின்னால் நின்ற வரிசைக்கும் கேட்கும்படி சொன்னார். அன்ரி மூன்று கிழமை வகுப்புக்கு வரவில்லை. தொலைபேசியும் எடுக்கவில்லை.

இந்த இடத்தில் நான் மிகக் கவனமாக எழுத விரும்புகிறேன். இதைப் பின்னடைவு என்று எழுதி, மனப்பாங்கைத் திடப்படுத்தினோம், மீண்டு வந்தார் என்று முடித்துவிடலாம். அது நேர்மையாகாது. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி, கொழும்பில் இருக்கும் ஒரு தமிழர் அரச உத்தியோகத்தரோடு தமிழில் அலுவல் பார்க்க உரித்துடையவர். 1987இல் வந்த 13ஆம் திருத்தம் தமிழையும் ஓர் அரசகரும மொழியாக்கியது. அது மீறப்பட்டால் முறையிட, 1991இன் சட்டத்தால் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழு இருக்கிறது. அந்தக் கிளினிக்கில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்திருந்தால் முதலில் அந்தக் குளிசைப் பிழையே நடந்திருக்காது. அரசு செய்ய வேண்டியதை 53 வயதுப் பெண்ணின் மனப்பாங்குப் பயிற்சியாக மாற்றிவிட்டு, அவர் தடுக்கி விழுந்தால் "இன்னும் முயற்சி செய்யுங்கள்" என்று சொல்வது அநியாயம்.

மூன்றாம் கிழமை முடிவில் நான் அவர் வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி தந்தார். "நான் பிழையாக் கேட்டனா பிள்ளை?" என்று மட்டும் கேட்டார். "வசனம் சரி அன்ரி, உச்சரிப்பும் சரி. பிழை உங்கட பக்கம் இல்லை" என்றேன். கணவர் மூலையில் இருந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். இந்த வயதில் இது தேவையா என்று முன்பெல்லாம் முணுமுணுத்தவர். "எனக்காகத்தானே போனவ" என்றார், பேப்பரைத் தாழ்த்தாமலே. அடுத்த கிழமை அன்ரி வந்தார்.

கொப்பியில் அந்தக் கிளினிக்குக்கு மூன்றில் பூச்சியம் என்று எழுதியிருந்தார். பக்கத்தில் வேறு மையில், "கேட்டேன்" என்று எழுதியிருந்தார்.

அதற்குப் பிறகு இரண்டு மாற்றம் செய்தோம். மூன்று கேள்விகளையும் சிங்களத்தில் ஒரு துண்டில் எழுதி, பதில் எழுத இடமும் விட்டுக் கொண்டுபோனார். இரண்டாவது, மருந்து கொடுக்கும் யன்னலில் தமிழ் தெரிந்த ஒருவர் இருப்பதைக் கண்டுபிடித்து, வெளியேறுமுன் அவரிடம் சரிபார்த்துக்கொண்டார். இது குறுக்குவழி என்று முதலில் வெட்கப்பட்டார். உதவி கேட்கத் தெரிவதும் கற்றலில் ஒரு பகுதி என்பதை நான் பிடிவாதமாகவே சொன்னேன்.

14 மாதம் முடிவில்

கடைசி ஐந்து கிளினிக்கில் நான்கில் மூன்றுக்கு மூன்று. குளிசைக் குழப்பம் மீண்டும் வரவில்லை. சந்தையில் விலை கேட்கிறார், கொஞ்சம் குறைக்கச் சொல்கிறார். பஸ்ஸில் இடம் மாறி ஏறினால் கண்டக்டரிடம் கேட்கிறார். சிங்களச் செய்தி விளங்காது. அது எழுத்துச் சிங்களம், பேச்சிலிருந்து வெகு தூரம். தொலைபேசியில் கதைக்க இன்னும் பயம், முகம் தெரியாமல் பேச முடியவில்லை என்கிறார். உச்சரிப்பு இன்றைக்கும் பருத்தித்துறைதான்.

இதில் எவ்வளவு மனப்பாங்கின் வேலை, எவ்வளவு சந்தையின் வேலை, எவ்வளவு மணிக்கணக்கின் வேலை என்று ஒரு ஆளை வைத்துப் பிரிக்க முடியாது. பெரிய ஆய்வுகளும் அடக்கமாகவே பேசுகின்றன. 2019இல் அமெரிக்காவில் 12,000க்கு மேற்பட்ட ஒன்பதாம் வகுப்பு மாணவரிடம் ஒரு மணி நேரத்துக்கும் குறைந்த இணையப் பாடம் ஒன்றைச் சோதித்தார்கள். பின்தங்கிய மாணவரின் சராசரிப் பெறுபேறு 0.1 புள்ளி அளவில் உயர்ந்தது. கூடப் படிப்பவர்கள் சவாலை மதிக்கும் பாடசாலைகளில் பயன் தெளிவாகத் தெரிந்தது. அதே ஆண்டு இங்கிலாந்தில் 101 பாடசாலைகளில் நடந்த பரிசோதனையில் பெறுபேறு உயரவே இல்லை. எனக்கு இது ஆச்சரியம் தரவில்லை. விரலை நீட்டி இலக்கம் சொல்லித்தந்த வெங்காயக்கார அம்மா இல்லாமல், சிரித்துவிட்டுத் திருத்திய ஓட்டோக்காரர் இல்லாமல், அன்ரியின் "வரேல்லை" எத்தனை நாள் தாக்குப் பிடித்திருக்கும்?

எனக்கு மாறியது ஒன்று உண்டு. புதிதாக யார் வந்தாலும் இப்போது முதல் வகுப்பில் பாடம் எடுப்பதில்லை. சிங்களத்தோடு உங்கள் வீட்டுக் கதை என்ன என்று கேட்கிறேன், பிறகு எந்த ஒரு வேலைக்கு இந்த மொழி வேண்டும் என்று கேட்கிறேன். "மொழி மூளை" என்ற சொல்லை விட்டுவிட்டேன்.

போன மாதம் கணவரின் ஓய்வூதியம் பற்றி ஒரு கடிதம் சிங்களத்தில் மட்டும் வந்தது. முன்பென்றால் உறையைப் பிரிக்காமலே மகளுக்குப் படம் எடுத்து அனுப்பியிருப்பார். இந்தமுறை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேசையில் விரித்தார். திகதி வாசித்தார். கணவரின் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தார். மிச்சத்தை என்னிடம் கொண்டுவந்தார். நான் சொல்லி முடித்ததும், இந்தக் கடிதத்தைத் தமிழில் தர வேண்டும் என்று கேட்டுத் தமிழிலேயே ஒரு கடிதம் எழுதினார், கையெழுத்துக் கணவருடையது. தபாலில் சேர்த்துவிட்டு வந்து கொப்பியைத் திறந்தார். வந்தது நிரலில்: திகதி, பெயர். வரேல்லை நிரலில்: மிச்சம் பதினாறு வரி.